மாமி வீட்டு ‘கேபிள்’ ரீவியும் பூட்டிக் கிடந்த சனல்களும்

கோண்டாவில் மாமி வீட்டு அறைக்குப் புது ரீவி வந்து மூன்றாம் நாள் எனக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, ரீவி வந்த பெட்டியிலை கேபிள் எண்டு அச்சடிச்சுக் கிடக்கு. பிறகென்னத்துக்கு ரெண்டாவது பொக்ஸ் எடுத்து மாசாமாசம் காசு கட்டுவான்? ஒருக்கா வந்து வயரை நேரை குத்திவிடு."

"மாமி, சில சனல் வரும். எல்லாம் வராது."

"அப்ப வராததை நீ வரப்பண்ணு."

அதற்கு மேல் மாமியோடு கதைக்க முடியாது. சனிக்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பொக்ஸ் என்று மாமி சொன்னது கேபிள்காரர் தருகிற செற்-ரொப் பொக்ஸை. ஹோல் ரீவிக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கேள்வி என்னவோ நியாயமானதுதான். பெட்டியில் டிவிபி-டி2, டிவிபி-சி என்று இரண்டு டிஜிட்டல் ஒளிபரப்பு முறைகளின் பெயர் இருக்கிறது. அதில் ‘சி’ என்பது கேபிளைத்தான் குறிக்கிறது. கேபிளில் வரும் டிஜிட்டல் சமிக்ஞையை இந்த ரீவியின் ரியூனர் பிடிக்கும் என்பது உண்மை. பிடித்ததைத் திறக்குமா என்பது வேறு கதை. அந்த வித்தியாசத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதே மாமி வீட்டுக் களஞ்சிய அறையில் கிடக்கிற இன்னொரு ரீவியிடம் பட்டுத் தெரிந்துகொண்டது.

யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு கனடாவில் இருந்து சாமான்கள் வரத் தொடங்கின. மாமியின் தமையன் அனுப்பிய சாமானோடு 27 அங்குலக் குழாய் ரீவி ஒன்றும் வந்தது. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். முன்பக்க மூலையில் வெள்ளி நிற ஸ்ரிக்கர்: ‘கேபிள் ரெடி, 181 சனல்’. ஊரில் அப்போது ஒழுங்காக மூன்று நான்கு சனல் வந்தாலே பெரிய விசயம். 181 என்ற இலக்கத்தைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து போனார்கள்.

அது 120 வோல்ற் ரீவி. 230ஐ இறக்குகிற ட்ரான்ஸ்போமர் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்து, அன்ரெனா வயரைக் குத்தினோம். படம் வந்தது. ஆனால் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது, கறுப்பு வெள்ளையில், சத்தத்துக்குப் பதிலாக ஒரு சீற்றத்தோடு. நானும் மச்சானும் இரவிரவாகப் பின்பக்கத் திருகுகளோடு மல்லுக்கட்டினோம். காரணம் பிறகுதான் தெரிந்தது. அங்கே என்ரிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறை: படத்துக்கு 525 கோடு, விநாடிக்கு 60 அரைப்படம். இங்கே ‘பால்’ (PAL) என்ற முறை: 625 கோடு, 50 அரைப்படம். நிறத்தை அந்த ரீவி 3.58 மெகாஹேர்ட்ஸில் தேடும், இங்கே அது 4.43இல் வரும். சத்தத்தைப் படத்துக்கு 4.5 மெகாஹேர்ட்ஸ் மேலே தேடும், இங்கே 5.5இல் இருக்கும். ஆக, கதவு இருக்கிற இடத்தில் எல்லாம் அது சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.

அந்த ‘கேபிள் ரெடி’ என்ற சொல் எங்கே இருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வானலையில் விஎச்எஃப் என்ற அலைவரிசைப் பிரிவில் வரும் சனல்கள் 2 முதல் 13 வரை. 6ஆம் சனல் 88 மெகாஹேர்ட்ஸில் முடிந்துவிடும், 7ஆம் சனல் 174இல்தான் தொடங்கும். நடுவில் உள்ள இடம் வெளியே பண்பலை வானொலிக்கும் விமானப் போக்குவரத்துக்கும் போன்ற வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. ஆனால் கேபிள் வயருக்குள்ளே விமானமும் இல்லை, வானொலியும் இல்லை. அதனால் கேபிள்காரர் அந்த இடைவெளியிலும், 13ஆம் சனலுக்கு மேலேயும் சனல்களை நிரப்பினார்கள். பழைய ரீவியின் ரியூனர் அந்த இடத்துக்கெல்லாம் போகாது. எனவே ஒரு பொக்ஸ் கொடுத்து, எல்லாவற்றையும் 3ஆம் சனலுக்கோ 4ஆம் சனலுக்கோ மாற்றித் தந்தார்கள். பிறகு ரியூனரே அங்கெல்லாம் போகிற ரீவிகள் வந்தன. அவற்றுக்குத்தான் கேபிள் ரெடி என்று பெயர். பொக்ஸ் தேவையில்லை என்பதுதான் விளம்பரம்.

எங்கள் பக்கத்து ரீவிகளில் இதே விசயம் ‘ஹைப்பர்பாண்ட்’ என்ற பெயரில் வந்தது. 302 முதல் 470 மெகாஹேர்ட்ஸ் வரையான எஸ்21 முதல் எஸ்41 வரையான கேபிள் சனல்களைப் பிடிக்கும் என்பதுதான் அதன் பொருள். ஹைப்பர்பாண்ட் இல்லாத ரீவியை வாங்கிவிட்டு, பாதிச் சனல் வரவில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் அந்த ‘பொக்ஸ் தேவையில்லை’ நெடுநாள் நிலைக்கவில்லை. காசு கட்டினால்தான் பார்க்கலாம் என்கிற சனல்களைக் கேபிள்காரர் குழப்பி அனுப்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்று ரீவிக்குச் சொல்கிற ஒத்திசைவுத் துடிப்பை அமுக்கிவிடுவது பரவலான ஒரு முறை. துடிப்பு தெரியாவிட்டால் ரீவி கோடுகளைக் கண்டபடி அடுக்கும். முகம் பாம்பு மாதிரி நெளியும், நடுவிலே கறுப்புப் பட்டை ஓடும், நிறம் கழன்றுவிடும். சத்தம் மட்டும் பல நேரம் தெளிவாகக் கேட்கும். அதை நேராக்குகிற சுற்று பொக்ஸுக்குள்ளேதான் இருந்தது. ஆக, கழற்றி வைத்த பொக்ஸ் திரும்பவும் ரீவிக்கு மேலே ஏறியது. ஸ்ரிக்கரை நம்பி வாங்கியவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1992இல் வந்த கேபிள் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்தார்கள். 1994இல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, ‘கேபிள் ரெடி’ என்று போட வேண்டுமானால் ரீவியில் இன்னின்ன இருக்க வேண்டும் என்று விதி எழுதியது. 2012இல் அதே எஃப்சிசி, முழு டிஜிட்டலாக மாறிய கேபிள்கள் அடிப்படைச் சனல்களையும் பூட்டலாம் என்று அனுமதித்தது.

சரி, கோண்டாவிலுக்கு வருவோம்.

போனதும் முதல் வேலையாகத் தெருவிலிருந்து வரும் கேபிள் வயரைக் கையால் பிடித்தேன். சுருக்கென்று ஒரு கூச்சம். டெஸ்ரரை வைத்தால் மெல்லிய செம்மஞ்சள் வெளிச்சம். மாமி, "ஐயோ கரண்ட் அடிக்குதே?" என்று பின்வாங்கினா. பெரும்பாலும் இது இரண்டு முள் பிளக் உள்ள ரீவி, பொக்ஸ்களின் பவர் சப்ளையில் இருந்து கசிகிற சின்ன மின்னோட்டம். ரீவியையும் பொக்ஸையும் பிளக்கில் இருந்து கழற்றினேன். வெளிச்சம் போய்விட்டது. கழற்றிய பிறகும் டெஸ்ரர் எரிந்திருந்தால் வயரைத் தொடாமல் கேபிள்காரரைக் கூப்பிட்டிருப்பேன், ஏனென்றால் அப்போது கசிவு தெருவில் இருந்து வருகிறது.

அறைக்கு வயர் எப்படி வருகிறது என்று பார்க்கக் கூரைக்குள் ஏறினேன். அங்கேதான் அன்றைய பரிசு காத்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் தெருவில் இருந்து வந்த வயரை நடுவில் வெட்டி, ஹோலுக்குப் போகிற வயரையும் அறைக்குப் போகிற வயரையும் அதோடு சேர்த்து, தும்புக் கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி வைத்திருக்கிறார். மாரி மழைக்கு ஓட்டு இடுக்கால் தண்ணீர் இறங்கி, பின்னல் கம்பி பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. ரேப்பை உரித்தபோது செப்புத் தூள் மடியில் கொட்டியது.

கரண்ட் வயரை இப்படி முறுக்கினால் லைற் எரியும். ரீவி வயர் அப்படியில்லை. அது 75 ஓம் வயர். நடுக்கம்பி, வெள்ளை நுரை, சுற்றிலும் பின்னல் என்ற அந்த ஒழுங்கு எங்கே குலைகிறதோ அங்கே சமிக்ஞையில் ஒரு பகுதி திரும்பி ஓடும். பழைய ரீவியில் அது படத்துக்குப் பக்கத்தில் நிழல் படமாகத் தெரியும். டிஜிட்டலில் நிழல் தெரியாது. சில சனல் மட்டும் கட்டம் கட்டமாக உடையும், சில சனல் இல்லவே இல்லை. ஹோல் ரீவியில் ஆறு மாதமாக இந்தக் கட்டம் உடைகிற வருத்தம் இருந்ததாம். மாமா அதற்காகக் கேபிள்காரரை ஏசாத நாளில்லை.

"அப்ப பிழை எங்கடை கூரைக்குள்ளையோ?" என்றார் மாமா கீழே நின்று.

"ஓம் மாமா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

முறுக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வழி ஸ்பிளிற்றர் ஒன்று வைத்தேன். மூன்று வழி மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவில்லை. இரண்டாகப் பிரித்தாலே ஒவ்வொரு பக்கமும் மூன்றரை டெசிபெல் அளவில் குறையும், பாவிக்காத வாயைச் சும்மா திறந்து விட்டால் அதிலும் ஒரு தொல்லை. இருக்கிற அறைக்கு ஏற்ற ஸ்பிளிற்றர் போதும்.

கனெக்ரர் போடுவதைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வெளி உறையைச் சுற்றிக் கீறும்போது பிளேட் பின்னலைத் தொடக்கூடாது. பின்னலை ஒரு மயிரிழை விடாமல் பின்னுக்கு மடித்துவிட வேண்டும். ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சனல் முழுக்கப் போய்விடும், நீங்கள் ரீவியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வெள்ளை நுரையை வெட்டும்போது நடுக்கம்பியைச் சுரண்டவேண்டாம். ஆர்ஜி6 என்கிற இந்த ரீவி வயரில் அது பல நேரம் இரும்புக் கம்பிக்கு மேலே பூசிய செம்புதான், அந்த மெல்லிய செம்பில்தான் சமிக்ஞை ஓடுகிறது. கனெக்ரரை ஏற்றிய பிறகு உள்ளே எட்டிப் பாருங்கள். வெள்ளை நுரை அடித்தளத்தோடு மட்டமாக நிற்கவேண்டும், நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதலாவதைக் கெடுத்தேன். இரண்டாவது சரியாக வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்திருந்தால் முதலாவதும் வந்திருக்கும்.

இறங்கி வந்து ரீவி மெனுவில் அன்ரெனா என்றிருந்ததைக் கேபிள் என்று மாற்றினேன். இதை மாற்றாமல் தேடினால் ரீவி வானலைக்கான இடங்களில் மட்டும் தடவிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். முழுத் தேடல் கொடுத்தேன். குவாம் 64 (சமிக்ஞையில் தரவை ஏற்றுகிற முறை), சிம்பல் றேற் 6875 (விநாடிக்கு எத்தனை ஆயிரம் குறி என்பது) என்று ரீவி தானாகவே எடுத்துக்கொண்டது. இந்த இரண்டு இலக்கமும் அமைந்தால் 8 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்குள் விநாடிக்கு 38 மெகாபிற் ஓடும். முன்பு ஒரேயொரு அனலொக் சனல் இருந்த இடத்தில் எட்டுப் பத்துச் சனல் உட்காருவது இதனால்தான்.

சனல் பெயர்கள் வரிசையாக ஏறத் தொடங்கின. இருபது, நாற்பது, எழுபது. மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தா. தனக்குப் பிடித்த நாடகச் சனலின் பெயர் வந்ததும், "பாத்தியே, நான் சொன்னனான்" என்று மாமாவைக் கூப்பிட்டா. தேடல் முடிந்து றிமோட்டை அழுத்தினேன். கறுப்பு. நடுவில் ஒரு சின்னப் பூட்டுப் படம், கீழே ‘ஸ்கிராம்பிள்ட்’ என்ற ஆங்கில எழுத்து. அடுத்தது கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. ரூபவாஹினி வந்தது. வசந்தம் வந்தது. ஒரு பக்திச் சனல், பொருள் விற்கிற சனல் இரண்டு. எழுபதுக்கு மேலே வந்த பெயரில் பார்க்க முடிந்தது ஒன்பது.

"பேர் வருது, படம் வராதோ?"

மாமி கேட்ட இந்தக் கேள்விதான் முழு விசயத்தின் முடிச்சு. டிஜிட்டல் கேபிளில் எல்லாமே 188 பைற் அளவான சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகின்றன. ஒவ்வொன்றின் முதல் நான்கு பைற் தபால் உறையில் எழுதிய விலாசம் மாதிரி. அதை யாரும் வாசிக்கலாம். எந்தச் சனலின் படம், எதன் சத்தம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் தெரியும். உள்ளே இருக்கிற கடிதம் பூட்டியதா இல்லையா என்று சொல்லவும் அந்த விலாசத்திலேயே இரண்டு பிற் ஒதுக்கியிருக்கிறார்கள். சனல் பெயர்ப் பட்டியல் பூட்டாமல் வரும். படமும் சத்தமும் பூட்டி வரும். அதனால் ரீவிக்குப் பெயர் தெரியும், பூட்டு என்பதும் தெரியும், திறக்கத்தான் தெரியாது. அந்தக் காலத்து நெளிகிற முகமும் கேட்கிற சத்தமும் இங்கே இல்லை. திறந்தால் முழுப் படம், இல்லையென்றால் கறுப்பு.

மாமிக்கு இந்தப் பொட்டலக் கதை ஏறவில்லை. எனவே ஹோலில் இருந்த பொக்ஸைக் கழற்றிக்கொண்டுவந்து அறை வயரில் குத்தினேன். எல்லாச் சனலும் வந்தன, கட்டம் உடையாமல். இது எனக்கும் தேவையான சோதனை. வயரில் பிழை இல்லை என்பது உறுதியாகிவிட்டது. பிறகு நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொக்ஸின் வயிற்றில் இருந்த கார்டை உருவினேன். கதாநாயகி இன்னும் நாலைந்து விநாடி அழுதா. முந்தானையை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோகிற வழியில் அப்படியே உறைந்து நின்றா. பிறகு கறுப்பு.

பூட்டின் திறப்புச் சொல் பத்து விநாடி அளவில் ஒருக்கா மாறிக்கொண்டே இருக்கும். புதுச் சொல்லும் சனலோடு சேர்ந்தேதான் வரும், ஆனால் அதுவும் பூட்டித்தான் வரும். கார்ட் அதைப் பிரித்து, காசு கட்டிய ஆளா என்று தனக்குள்ளே பார்த்து, சரி என்றால் பொக்ஸுக்குச் சொல்லும். கையிலிருந்த சொல் காலாவதி ஆகும்வரைதான் அந்த அம்மா அழுதா.

கார்டைத் திரும்பப் போட்டதும் அழுகை தொடர்ந்தது. மாமி கார்டை மரியாதையாகப் பார்த்தா.

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து எங்கள் சத்தம் கேட்டு வந்தவர் ஒருவர், ரீவியின் பின்பக்கம் உள்ள நீளமான பிளவைக் காட்டி, "உதுக்குள்ளை போடுற சாமான் ஒண்டு இருக்கு, எல்லாம் திறக்கும், ரவுணிலை எடுக்கலாம்" என்றார். அந்தப் பிளவு சிஐ வாய். அதற்குள் ஒரு மொடியூலும் கேபிள்காரர் தருகிற கார்டும் போட்டால் பொக்ஸ் இல்லாமலே ரீவி திறக்கும். ஐரோப்பாவில் அப்படிக் கொடுக்கிறார்கள். ஆனால் மொடியூல் அந்தக் கேபிளின் பூட்டு முறைக்குப் பொருந்தவேண்டும், கார்டும் அவர்கள் கொடுத்ததாக இருக்கவேண்டும். எங்கள் கேபிள்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். பொக்ஸ் மட்டும்தான், மொடியூல் இல்லை என்றார்கள். அவர் சொன்ன ‘எல்லாம் திறக்கிற’ சாமான் களவுக் கார்ட். திறப்பு முறையை மாற்றினால் அது வெறும் பிளாஸ்ரிக், காசைத் திருப்பிக் கேட்கவும் ஆள் இருக்காது. வேண்டாம் என்றேன். அவருக்கு என்மேல் கொஞ்சம் மனவருத்தம்.

இரண்டாவது பொக்ஸ் எடுக்காமல் செய்ய மிஞ்சியது ஒரே வழி. ஹோல் பொக்ஸில் எச்டிஎம்ஐ வாயில் மாமாவின் ரீவி. பக்கத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வாய்கள் சும்மா இருந்தன. அதிலிருந்து அறைக்கு வயர் இழுத்தால் அதே படம் இங்கேயும் வரும். கூரையில் மிஞ்சின ஆர்ஜி6இல் பன்னிரண்டு மீற்றர் படத்துக்கு, சத்தத்துக்குச் சாதாரண ஓடியோ வயர். புது ரீவியில் மூன்று வாய்கள் கிடையாது. 3.5 மில்லிமீற்றர் ஊசித் துளை ஒன்றுதான். அதற்கான கிளை வயரை வாங்கி வந்து குத்தினால் சத்தம் ஒரு பக்கம், இரைச்சல் மறுபக்கம், படமே இல்லை.

இதிலே அரை மணித்தியாலம் போனது. வயரைச் சந்தேகித்தேன், பொக்ஸைச் சந்தேகித்தேன். கடைசியில் சும்மா ஒரு யோசனையில் மஞ்சளைக் கழற்றிச் சிவப்பு வாயில் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. அந்த நான்கு வளைய ஊசியில் எந்த வளையம் படம், எது கிறவுண்ட் (பொதுக் கம்பி) என்பதற்குக் கம்பனிக்குக் கம்பனி ஒழுங்கு வேறு. கடை வயர் வேறொரு ஒழுங்கில் செய்தது. நிறத்தை நம்பாமல் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், உடையாது.

எச்டிஎம்ஐ படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மங்கல்தான். மாமி படுத்துக்கொண்டு பார்க்கப் போதும். அறை ரீவியில் நேரே வந்த ஒன்பது சனலையும் பிடித்தவை பட்டியலில் போட்டு, பூட்டிக் கிடந்தவற்றை அழித்துவிட்டேன். வெறும் கறுப்புக்குள் றிமோட்டை அழுத்தி அலைய வேண்டாம் பாருங்கள்.

ஒரு பொக்ஸ் என்றால் ஒரு நேரத்தில் ஒரு சனல் என்பதை நான் முதலே சொன்னேன். மாமி, "அதுக்கென்ன, அவர் எந்த நேரமும் செய்திதானே" என்று தள்ளிவிட்டா. இரண்டு கிழமை போனது. இலங்கை விளையாடிய ஒருநாள் போட்டி அன்று இரவு, நாடகத்தில் கல்யாணம். தாலி எடுக்கிற நேரத்தில் மாமா ஹோலில் றிமோட்டை அழுத்தினார். அறையில் மணமேடை போய்ப் பந்துவீச்சாளர் ஓடிவந்தார்.

"இஞ்சருங்கோ!" என்ற சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டதாம்.

திங்கட்கிழமை மாமியே கேபிள்காரருக்கு அழைத்து இரண்டாவது பொக்ஸுக்குச் சொன்னா. வந்த பெடியன் பத்து நிமிசத்தில் பூட்டிவிட்டான். கூரை வயரின் முனையைத் திருப்பிப் பார்த்து, "உது ஆர் போட்ட கனெக்ரர்? நல்லாய்க் கிடக்கு" என்று கேட்டானாம். எனக்கு அது போதும்.

பன்னிரண்டு மீற்றர் வயரைச் சுருட்டி எடுக்கப் போனேன். மாமி விடவில்லை. களஞ்சிய அறைக்குக் கொண்டுபோய்க் கனடா ரீவிக்கு மேலே, ஒடியல் கடகத்துக்குப் பக்கத்தில் வைத்தா.

"கிடக்கட்டும். பெரியவன் வந்தால் மேலறைக்கு உதவும்."